யாஸ்மினும் மல்லிகையும்: ஒரு பூவினத்தின் பெயர் வரலாறு

தமிழக முஸ்லிம் குடும்பங்களில் பெண்மக்களுக்கு விரும்பிச் சூட்டப்படும் பெயர்களுள் ஒன்று யாஸ்மின். மல்லிகை என்பது அதன் பொருள் என்பதைப் பெயரிட்டோர் அறிவர். ஆனால் எந்த மல்லிகை என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. தாம்பரத்துப் பூக்கடையொன்றின் முன் மாலை வேளையில் சற்று நேரம் நின்றால் இவ்வினா தானே எழும். குண்டுமல்லி ஒரு கூடையில் இருக்கும். முல்லை மற்றொன்றில் இருக்கும். செந்நிறம் படர்ந்த மொக்குகளையுடைய பிச்சி, அதாவது சாதிமல்லி, வேறொன்றில் இருக்கும். மணம் குறைந்த காக்கட்டான் மலிவு விலையில் அருகே குவிந்திருக்கும். வாங்குவோருக்கு இவை வெவ்வேறு பூக்கள். தாவரவியலாருக்கோ இவை யாவும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்கள். அப்பேரினத்துக்கு அறிவியல் உலகம் சூட்டியுள்ள பெயர் ‘ஜாஸ்மினம்’. அது நம் யாஸ்மினே அன்றி வேறில்லை.

இப்பெயரை முன்வைத்து இருவகைக் கூற்றுகளை நாம் அவ்வப்போது கேட்கின்றோம். அறிவியற்பெயரே அரபு-பாரசீகப் பெயராக இருப்பதால் மல்லிகையை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர்கள் முஸ்லிம் வணிகர்களே என்பது ஒன்று. மல்லிகை இம்மண்ணின் பூ. அரபியர் அதனைப் பெற்றுச் சென்றார்களேயன்றி அதில் அவர்களுக்குப் பங்கொன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது பெருமையால் எழுவது. பின்னது மறுப்பால் எழுவது. இரண்டுமே ஒரு சொல்லின் பிறப்பிடத்தையும் ஒரு செடியின் பிறப்பிடத்தையும் ஒன்றாகக் கருதிய பிழையிலிருந்து தோன்றியவை. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின் உண்மை இவ்விரண்டிலும் சுவையானது என்பது விளங்கும்.

பேரினமும் அதன் உறவுகளும்

மல்லிகைப் பேரினத்தில் ஏறத்தாழ 200 சிற்றினங்கள் உள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் இவை இயற்கையாக வளர்கின்றன. கொடியாகவோ, சாய்ந்து படரும் புதராகவோ இவை அமையும். பூவின் அடிப்பகுதி குழலாக நீண்டிருக்கும். மேற்பகுதி இதழ்களாக விரியும். குழலுக்குள் இரண்டே இரண்டு மகரந்தத் தாள்கள் மறைந்திருக்கும். கனி பெரும்பாலும் இரட்டையாகத் தோன்றிக் கருநிறமாகப் பழுக்கும். இரண்டு மகரந்தத் தாள்கள் என்னும் இவ்வடையாளமே இதன் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மல்லிகை ஒலிவக் குடும்பத்தைச் சேர்ந்தது. திருக்குர்ஆனில் சத்தியமிட்டுக் கூறப்படும் ஜைத்தூன் மரமும், நம் வாசலில் படரும் முல்லைக்கொடியும் தாவரவியல் முறையில் உறவினர்கள் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி.

மல்லி எனப் பெயர் பெற்ற யாவும் மல்லிகையல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னைச் சாலையோரங்களில் நெடிது வளர்ந்து இரவில் வெண்பூக்களை உதிர்க்கும் மரமல்லி வேறு குடும்பத்தது. மாலையில் மலரும் அந்திமல்லி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. பவளமல்லி மட்டும் ஒலிவக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறொரு பேரினம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தம் பெருநூலில் பவளமல்லியையும் குண்டுமல்லியையும் ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1789இல் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் எய்ட்டன் குண்டுமல்லியைப் பிரித்து ஜாஸ்மினப் பேரினத்தில் வைத்தார். அன்று முதல் அது ‘ஜாஸ்மினம் சம்பக்’ என வழங்குகிறது.

நம் கடைகளில் விற்கும் சிற்றினங்களை இலையைக் கொண்டே பிரித்தறியலாம். குண்டுமல்லியின் இலை தனியிலை. எதிரெதிராக அமைந்து பளபளக்கும். ‘ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்’ எனப்படும் பிச்சியின் இலை, வேப்பிலை போல் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. ‘ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம்’ எனப்படும் முல்லையின் இலையடியில் காது மடல் போன்ற இரு சிறு இலைகள் ஒட்டியிருக்கும். இலத்தீன் பெயரே காதுடையது என்னும் பொருளில் இடப்பட்டதுதான். காக்கட்டானின் இளந்தண்டும் இலையும் மென்மயிர் போர்த்தவை. பூவை முழக்கணக்கில் வாங்கும் நமக்கு இலையைக் காணும் வாய்ப்பு அரிதாகையால் இவ்வேறுபாடுகள் கண்ணில் படுவதில்லை.

எண்ணெயின் பெயர் செடியின் பெயரான கதை

யாஸ்மின் என்பது அரபுச் சொல்லாகவே நமக்கு அறிமுகமாயினும், அரபு அகராதியாளர்கள் அதனைப் பாரசீகத்திலிருந்து தம் மொழிக்கு வந்த சொல்லாகவே கொண்டனர். இஸ்லாத்துக்கு முந்திய பஹ்லவி மொழியில் அது ‘யாஸமன்’ என வழங்கியது. பாரசீகர்களுக்கு வீட்டருகே கிடைத்த மல்லிகை, ‘ஜாஸ்மினம் ஒஃபிசினாலே’ எனப்படும் வெண்ணிறச் சிற்றினமாகும். அது காகசியம் முதல் இமயம் வரை மலைச்சரிவுகளில் இயற்கையாக வளர்வது. இன்று பாகிஸ்தானின் தேசிய மலராக விளங்கும் சம்பேலியும் அதுவே.

அரபு மருத்துவர்கள் இப்பூவை நன்கு அறிந்திருந்தனர். இப்னு ஸீனா (இறப்பு ஹிஜ்ரி 428 / கி.பி. 1037) தம் ‘அல் கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் எளிய மருந்துகளை அகர வரிசையில் விவரிக்கும்போது யாஸ்மினுக்கும் இடமளித்தார். அந்தலூசியாவில் பிறந்து திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் (இறப்பு ஹிஜ்ரி 646 / கி.பி. 1248) தம் மருந்துக் களஞ்சியத்தில் முன்னோர் கூற்றுகளைத் திரட்டி அதனை விவரித்தார். வெள்ளை, மஞ்சள் என நிறத்தைக் கொண்டு மல்லிகையைப் பகுப்பது அம்மருத்துவ மரபின் வழக்கம். 2014இல் தாவரவியலார் மஞ்சள் மல்லிகைகளைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டனர். நீலகிரி மலையில் தானே வளரும் மஞ்சள் மல்லிகையும் இப்போது அப்புதிய பேரினத்தைச் சேர்ந்தது. இதனைக் கொண்டு முன்னோர் அனைத்தையும் முன்னரே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவது பொருந்தாது. அவர்கள் கண்ணால் கண்டு பிரித்தார்கள். பின்வந்தோர் இலையமைப்பையும் மரபணுவையும் கொண்டு பிரித்தார்கள். கூர்ந்து நோக்கும் பழக்கமே இருவருக்கும் பொதுவானது.

இனி ‘சம்பக்’ என்னும் சிற்றினப் பெயருக்கு வருவோம். சண்பகப் பூவுடன் இதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு, அது சரியன்று. ‘ஸன்பக்’ என்னும் அரபுச் சொல்லே இலத்தீனில் இவ்வுருப் பெற்றது. இன்றைய அரபியில் அச்சொல் அல்லிவகைப் பூவொன்றைக் குறிக்கிறது. ஆனால் இப்னு மன்ஸூர் (இறப்பு ஹிஜ்ரி 711) தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதி, ஸன்பக் என்பதற்கு யாஸ்மின் எண்ணெய் என்றே பொருள் கூறுகிறது. எனவே அச்சொல் முதலில் ஒரு செடியின் பெயராக நிலவவில்லை. குப்பியில் அடைத்து விற்கப்பட்ட ஒரு சரக்கின் பெயராகவே நிலவியது. எள்ளையும் மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, எள் மணத்தை உறிஞ்சியபின் பூவை மாற்றி, இறுதியில் அவ்வெள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பது பழைய முறை. வட இந்தியாவின் ஜவுன்பூரில் சம்பேலி எண்ணெய் இம்முறையிலேயே பெயர் பெற்றது. எண்ணெயை அறிந்தோர் அதனைத் தரும் பூவையும், பூவை அறிந்தோர் செடியையும் அப்பெயராலேயே அழைக்கத் தொடங்கினர். அங்காடியின் சொல் ஐரோப்பியத் தாவரவியலாரின் ஏட்டில் ஏறியது இவ்வாறுதான்.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை காட்டுகிறது. குண்டுமல்லியை ஆங்கிலேயர் ‘அரேபிய மல்லிகை’ என்கின்றனர். ஆனால் அது அரபு மண்ணுக்கு உரியதன்று. தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதியைச் சேர்ந்தது. அரபியர் அதனைப் ‘ஃபுல்’ என்ற பெயரில் வளர்த்துப் போற்றினர்; யமன் நாட்டில் அது மணமக்களுக்குரிய மாலையாக இன்றும் தொடுக்கப்படுகிறது. மறுபுறம், நம் பிச்சிப்பூவை எடுத்துக்கொள்வோம். ‘சாதி’ என்னும் வடமொழிப் பெயரும், ‘பிச்சி’ என்னும் தமிழ்ப் பெயரும் கொண்டு முற்றிலும் உள்நாட்டுப் பூவாக விளங்கும் அது, தென் அரேபியாவிலும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும் பாகிஸ்தான் மலைப்பகுதியிலும் தானே வளரும் சிற்றினம். ஆங்கிலேயர் அதனை ‘ஸ்பானிய மல்லிகை’ என்றனர். அரபுப் பெயர் தாங்கிய பூ நம் பக்கத்தது. நம் பெயர் தாங்கிய பூவுக்கோ அரேபியாவிலும் காட்டுறவுகள் உண்டு. ஒரு பெயர், அப்பொருள் யாருடைய கையிலிருந்து நமக்குக் கிட்டியது என்பதைச் சொல்லும். எந்த மண்ணில் முளைத்தது என்பதைச் சொல்லாது.

கிழக்கே சென்ற இரு பெயர்கள்

இதற்குச் சீன மொழி நல்லதொரு சான்று. அங்கு மல்லிகைக்கு இரு பெயர்கள் வழங்கின. ‘யேசிமிங்’ என்பது ஒன்று. ‘மோலி’ என்பது மற்றொன்று. முன்னது யாஸ்மின், பின்னது மல்லிகை. தென்சீனத் தாவரங்களைப் பற்றி கி.பி. 304இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல், இவ்விரு பூக்களும் மேற்கு நாடுகளிலிருந்து அயலாரால் கொணரப்பட்டுக் கான்டன் பகுதியில் நடப்பட்டவை எனக் கூறுகிறது. அந்நூலின் காலத்தை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். 1919இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் பெர்த்தோல்ட் லாஃபர் இவ்விரு சொற்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். காலம் எதுவாயினும், பாரசீகச் சொல்லும் இந்தியச் சொல்லும் தனித்தனியே சீனத் துறைமுகத்தை அடைந்தன என்பது உறுதி. ஒரே கடற்பாதையில் இருவேறு வாய்களில் இருவேறு மல்லிகைகள் பயணம் செய்தன எனலாம். இன்று பச்சைத் தேயிலைக்கு மணமூட்டச் சீனர் பயன்படுத்துவது மோலியை, அதாவது நம் குண்டுமல்லியை.

அப்பூவே பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலராக 1934இல் அறிவிக்கப்பட்டது. உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடான இந்தோனேசியா, மெலாத்தி என்ற பெயரில் அதனை 1990இல் தன் தேசிய மலராக அறிவித்தது. துனீசியாவில் மல்லிகை மொக்குகளைச் சிறு கொத்தாகக் கட்டி ஆடவர் காதில் செருகிக்கொள்ளும் வழக்கம் உண்டு. முகலாயர் காலத்தில் அபுல் ஃபஸ்ல் தம் ‘ஆயினே அக்பரி’யில் நறுமண மலர்களை வரிசைப்படுத்தும்போது சம்பேலி, ராய்பேல், ஜூஹி எனச் சிற்றினம் பிரித்தே எழுதியுள்ளார். ஜூஹி என்பது நம் முல்லை. இப்பட்டியலைக் காணும்போது ஒன்று தெளிவாகிறது. முஸ்லிம் உலகம் மல்லிகையைப் படைத்ததுமில்லை; வெறுமனே பெற்றுக்கொண்டு போனதுமில்லை. எண்ணெயாக, மருந்தாக, மாலையாக, ஏட்டுக் குறிப்பாக அதனைக் கரையிலிருந்து கரைக்குக் கொண்டு சேர்த்த பலருள் முஸ்லிம்களும் முதன்மையான பங்கினர்.

தமிழகத்தைப் பொறுத்தவரை இப்பூவினம் இஸ்லாத்தின் வருகைக்கு நெடுங்காலம் முன்பே வேரூன்றியிருந்தது. நிலத்தை ஐந்தாகப் பகுத்த சங்கச் சான்றோர் காட்டு நிலத்துக்கு முல்லை என்றே பெயரிட்டனர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முல்லையும் பித்திகமும் தளவமும் மௌவலும் குளவியும் இடம்பெறுகின்றன. இவற்றுள் எது எந்தச் சிற்றினம் என்பதில் உரையாசிரியர்களும் தாவரவியலாரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆயினும் பித்திகமே பிச்சியாயிற்று என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். ஒரு பூவினத்துக்கு இத்தனை பெயர்களை வைத்திருந்த மக்கள் அதனை அயலாரிடமிருந்து அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. மக்கள் வழக்கிலிருந்த மருத்துவ அறிவும் அத்தகையதே. தாய்ப்பால் சுரப்பை நிறுத்த மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டுவது தமிழகப் பெண்களிடையே நிலவிவந்த பழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனை ஆய்ந்து, அதற்கென வழங்கப்படும் மாத்திரையுடன் ஒப்பிட்டு, பூவும் பால் சுரப்பைக் குறைக்கிறது என 1988இல் வெளியிட்டனர்.

தாம்பரத்தின் காட்டுமல்லிகை

இதுவரை கூறியவை விற்பனைக்கு வரும் பூக்களைப் பற்றியவை. தென்சென்னைப் புறநகரின் மண்ணுக்கே உரிய மல்லிகை எது என வினவினால், கடைக்கு வராத ஒன்றையே நாம் சுட்ட வேண்டியுள்ளது. அது காட்டுமல்லிகை, ‘ஜாஸ்மினம் அங்குஸ்டிஃபோலியம்’ என்பது அதன் பெயர். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. சோழமண்டலக் கரையை ஒட்டிய முட்புதர்க் காடுகளில் காரை, சூரை முதலிய செடிகளின்மேல் பற்றிப் படரும். இலை சிறியது; இதழ்கள் ஒடுங்கி நட்சத்திரம் போல் விரியும்; மணமும் உண்டு. கடைகளில் நாம் வாங்கும் முல்லையின் காட்டு வடிவமும் இதே வகைக் காடுகளுக்கு உரியதே.

இச்செடி ஏட்டில் ஏறிய வரலாறும் நமக்குச் சுவை தருவது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்களில் செடிகளின் பெயர்கள் இலத்தீன், மலையாள எழுத்துகளோடு அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. 1686இல் வந்த ஆறாம் தொகுதியில் ‘காட்டுப் பிச்சகமுல்லை’ என்ற பெயரில் இக்கொடி படத்துடன் விளக்கப்பட்டுள்ளது. லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது சான்றாகக் கொண்டது அப்படத்தையே. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர்களான சாமுவேல் பிரௌனும் எட்வர்ட் பல்க்லியும் சென்னைச் சுற்றுப்புறச் செடிகளைத் திரட்டித் தமிழ்ப் பெயர்களுடன் இலண்டனுக்கு அனுப்பினர். 1929இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட மயூரநாதனின் நூல், நகரத்தையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சேர்ந்த பூக்கும் தாவரங்களை முறையாகப் பட்டியலிட்டது. அந்த ‘அண்டைப் பகுதிகள்’ அன்று பெரிதும் ஏரியும் வயலும் புதர்க்காடுமாக இருந்தவை.

1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டிலிருந்து பெறப்பட்ட 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கல்லூரி எழுந்தது. வேதியியல் பேராசிரியராக இருந்தும் தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அவ்வளாகத்தில் மரங்களை நட்டுப் பேணினர். புதர்க்காட்டின் ஒரு பகுதி அழியாமல் எஞ்சவும் அவர்களது அக்கறை காரணமாயிற்று. 1985இல் வண்டலூரில் காட்டுநிலம் உயிரியல் பூங்காவாயிற்று. நன்மங்கலத்தில் 320 எக்டேர் காப்புக்காடாக உள்ளது. தென்புறநகரில் காட்டுமல்லிகை போன்ற செடிகளுக்கு இன்று எஞ்சியிருப்பவை இத்தகைய சில துண்டு நிலங்களே. அவற்றைச் சூழ்ந்து நகரம் வளர்ந்துவிட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பரில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. வீடும் சாலையும் மக்களுக்குத் தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் புதர்க்காட்டைப் பயனற்ற தரிசு எனக் கருதி முதலில் அதனையே வெட்டும் மனப்போக்கு கவலைக்குரியது.

காட்டினத்தால் என்ன பயன் என வினவுவோர், தோட்டத்து மல்லிகையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுக்கு இதழுடைய குண்டுமல்லி விதை தருவது அரிது. ஒரு செடியின் தண்டை வெட்டி நட்டே அடுத்த செடி உண்டாகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இவ்வாறு பதியனாகவே பெருகிவருகிறது. பதியன் தாயின் மறுபடி. தாய்க்கு வரும் நோய் அதற்கும் வரும். நோயைத் தாங்கும் புதிய பண்புகளைத் தேடும் ஆய்வாளர் செல்ல வேண்டிய இடம், விதையால் பெருகும் காட்டுறவுகளே. கோவை வேளாண் பல்கலைக்கழகம் முல்லையில் நல்வகையொன்றைத் தேர்ந்து அதற்குப் ‘பாரிமுல்லை’ எனப் பெயரிட்டது. முல்லைக்குத் தேர் ஈந்ததாகச் சொல்லப்படும் பாரி அன்று காட்டுக்கொடிக்கே தன் தேரை விட்டான் என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது.

கோவளத்தில் தமீம் அன்ஸாரி அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவுக்கு மல்லிகைச் சரங்களோடு செல்வோருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அச்சரத்தில் உள்ள பூவுக்கு அறிவியல் இட்ட பெயர் பாரசீகமும் அரபும் கலந்தது. பூ இம்மண்ணைச் சேர்ந்தது. அதனைத் தொடுத்த கையும் இவ்வூரது. இதில் எது யாருக்குரியது எனப் பிரித்து வழக்காடுவதில் பொருளில்லை. பொருளுள்ள வேலை வேறு உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குண்டுமல்லிப் பதியனும் பிச்சிப் பதியனும் கிடைக்கும். காட்டுமல்லிகையை நாம் அங்குக் கண்டதில்லை. இப்பகுதியில் நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளும் மதரஸாக்களும் தம் வளாகத்தின் ஒரு மூலையில் அக்கொடிக்கு இடமளிக்கலாம். வேலியோரத்துப் புதரில் அது தானே முளைத்திருந்தால் வெட்டாமல் விடலாம். யாஸ்மின் எனப் பெயர் தாங்கிய ஒரு சிறுமி, தன் பெயருக்குரிய பூவினம் தன் ஊர்க் காட்டிலும் உண்டு என்பதைத் தன் கண்ணால் காணும் வாய்ப்பை நாம் அவளுக்கு விட்டுச்செல்ல வேண்டும்.